பாத்திரம் வார்க்க எந்தப் பழைய அலுமினியம்?

கோவையில் பம்புசெட் உதிரிபாகங்களை வார்க்கும் பட்டறை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்கட்டில் சிறிய எரிவாயு உலை ஒன்றை அமைத்துக்கொண்டேன். பணியாரக் கல், ஆப்பச்சட்டி, கனத்த கடாய் என்று வீட்டுக்கும் நெருங்கிய உறவினர்களுக்கும் வேண்டியதைப் பச்சை மணல் அச்சில், அதாவது களிமண் கலந்த ஈர மணலில் எடுத்த அச்சில், வார்த்துத் தருகிறேன். இதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள் உலையின் காற்று விசிறியைப் பற்றியும், மணலில் பெண்டோனைட் களிமண் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றியும் நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். உலோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. உலையும் அச்சும் சில மாதப் பழக்கத்தில் கைவந்துவிடும். உணவு சமைக்கும் பாத்திரத்துக்கு எந்தப் பழைய அலுமினியத்தை உலைக்குள் விடலாம், எதை வாசலோடு நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அதிகப் பொறுமை வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது மட்டுமே.

பழைய இரும்புக் கடையில் நான் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் பொறுமையிழந்து, “உருக்குனா எல்லாம் ஒண்ணுதானுங்களே, அப்புறம் எதுக்குங்க இப்படிப் பொறுக்குறீங்க?” என்று கேட்டார். நெருப்பு எல்லாவற்றையும் சுத்தப்படுத்திவிடும் என்ற எண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் உலை வைத்து உலோகம் உருக்கும் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எண்ணெய், வண்ணம், பிளாஸ்டிக் ஆகியவை எரிந்து போகும் என்பது உண்மை. ஆனால் உடலுக்கு நஞ்சான காரீயம் எரிந்து போவதில்லை. அது 327 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிக்க வேண்டுமானால் 1,700 டிகிரிக்கும் மேல் வேண்டும். அலுமினியத்தை நாம் வார்ப்பதோ 700 முதல் 750 டிகிரிக்குள். அந்த வெப்பத்தில் உருகிய அலுமினியம் ஒரு சதவீதத்துக்கும் மேலான காரீயத்தைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ள வல்லது. பிறகு அலுமினியம் உறையும்போது அதன் படிகங்களுக்குள் காரீயத்துக்கு ஏறத்தாழ இடமே இல்லாததால், அது படிகங்களின் எல்லைகளில் நுண்ணிய துளிகளாக ஒதுங்கித் தங்கிவிடுகிறது. கசடு பிரிக்கும் உப்பைத் தூவினாலும், வாயு நீக்கும் மாத்திரையை அமுக்கினாலும் இந்தக் காரீயம் வெளியேறாது. அவை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் அகற்றுவதற்கானவை. ஆகவே உலோகத்தின் பாதுகாப்பு உலைக்கு வெளியே, துண்டுகளைப் பிரிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இது வெறும் ஏட்டளவிலான அச்சம் அன்று. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் சிறு பட்டறைகள் மோட்டார் உதிரிபாகம், டின், மின்சாதனக் கழிவு ஆகியவற்றை உருக்கி வார்த்த சமையல் பாத்திரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஒரு வேளை உணவின் அளவுக்குள் 260 மைக்ரோகிராம் வரை காரீயம் இறங்கக்கூடும் என்று காட்டியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உணவின் வழியாகக் குழந்தைகளுக்குச் சேரும் காரீயம் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்ற இடைக்கால அளவை வைத்திருக்கிறது. கருவுறும் வயதுப் பெண்களுக்கு அது 8.8. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சட்டி என்ன செய்துவிட முடியும் என்பது விளங்கும். அதே நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட எச்சரிக்கையில், காரீயம் கசியும் இறக்குமதிப் பாத்திரங்களில் அலுமினியம், பித்தளை ஆகியவற்றோடு, நம் கடைகளில் நாம் பெருமையாகக் கேட்டு வாங்கும் இண்டாலியம், ஹிண்டாலியம் என்ற பெயர்களும் இடம்பெற்றன. அந்தப் பெயர்களில் வரும் எல்லாப் பாத்திரமும் கெட்டவை என்று இதற்குப் பொருளில்லை. பாத்திரத்தின் பெயரைக் கொண்டு அதன் உலோகத்தை அறிய முடியாது என்பதே பொருள்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. உணவோடு தொடர்புகொள்ளும் அலுமினியத்துக்கான ஐரோப்பியத் தரநிலைகளில் செம்புக்கு 0.6 சதவீதம், துத்தநாகத்துக்கு 0.25 சதவீதம் என்று உச்ச வரம்பு உண்டு. பட்டியலில் பெயர் சொல்லப்படாத காரீயம் போன்ற தனிமங்கள் ஒவ்வொன்றும் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ எடையுள்ள கடாயில் 0.05 சதவீதம் என்பது அரை கிராம் காரீயம். எனக்கு அதுவே அதிகமாகத் தோன்றுவதால், 0.01 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பாத்திரத்துக்கு எடுத்துக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். இப்போது ஒரு காரின் அலாய் வீலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கிலோ எடையுள்ள அந்தச் சக்கரத்தின் உட்புறத்தில், பேலன்ஸ் செய்வதற்காக ஒட்டிய 30 கிராம் காரீயப் பட்டை அழுக்குக்கு அடியில் மறைந்திருக்கிறது. யாரும் அதைப் பிடுங்காமல் உலையில் போட்டுவிட்டார்கள். அந்த உலோகத்தில் காரீயம் 0.375 சதவீதம் ஆகிவிடும். ஐரோப்பிய வரம்பைப் போல ஏழரை மடங்கு. அத்தனையும் அலுமினியத்தில் கரைந்துவிடும்; மூசையின், அதாவது உலோகத்தை உருக்கும் கலத்தின், அடியில் தனியாகத் தங்காது, கண்ணுக்கும் தெரியாது. சக்கரத்தின் உலோகம் குற்றமற்றது. அதில் ஒட்டியிருந்த ஒரு விரல் நீளப் பட்டைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்தப் பட்டையை நீக்கிவிட்டால், நான் முதலில் தேடுவது கார் அலாய் வீலைத்தான். பெரும்பாலான கார்ச் சக்கரங்கள் ஏ356 என்ற கலவையில் வார்க்கப்படுகின்றன: சுமார் 7 சதவீதம் சிலிக்கன், அரை சதவீதத்துக்கும் குறைவான மக்னீசியம், மிகக் குறைந்த இரும்பு. ஓடும் வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன் மூலப்பொருளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு உண்டு. சிலிக்கன் இருப்பதால் மெல்லிய ஆப்பச்சட்டி அச்சிலும் உலோகம் தயங்காமல் ஓடுகிறது. வாங்கும்போது நடுவளையம், காற்று வால்வு, எடைத் துண்டு, எஃகு போல்ட் ஆகிய அனைத்தையும் கழற்றச் சொல்லி, பட்டை ஒட்டியிருந்த இடத்தின் பசையைக்கூடச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். பளபளக்கும் குரோம் பூச்சு உள்ள சக்கரத்தைத் தொடுவதில்லை, அடியில் நிக்கலும் செம்பும் இருக்கும். இருசக்கர வாகனச் சக்கரங்களை நான் இதே நம்பிக்கையோடு எடுப்பதில்லை. டிரம் பிரேக் உள்ளவற்றின் நடுவில் வார்ப்பிரும்பு வளையம் பதிந்திருக்கிறது என்பதோடு, கலவையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது.

அடுத்தது, ஜன்னலுக்கும் கதவுக்கும் பயன்படும் செக்ஷன் துண்டுகள். இவை பெரும்பாலும் 6063 கலவை; மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு சேர்ந்த, மற்றபடி சுத்தமான அலுமினியம். அலுமினிய வேலை செய்யும் ஆசாரியிடமிருந்து நேரடியாக, அவர் புதிய நீளத்திலிருந்து வெட்டிக் கழித்த முனைகளாக வாங்கினால் இதைவிடப் பாதுகாப்பான பழைய உலோகம் கிடைக்காது என்பேன், ஏனென்றால் அது உண்மையில் பழையதே அன்று. இடித்த வீட்டிலிருந்து வந்த ஜன்னல் வேறு விஷயம். அதில் ரப்பர், எஃகுத் திருகு, சிலிகான் பசை ஆகியவற்றோடு, அலுமினியம் போலவே தோற்றமளிக்கும் துத்தநாக வார்ப்புக் கைப்பிடியும் தாழ்ப்பாளும் ஒட்டிக்கொண்டே வரும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறப் பழைய பூச்சுகளில் காரீயக் குரோமேட் நிறமி இருக்க வாய்ப்புண்டு. எனவே வண்ணம் பூசிய செக்ஷனை நிறம் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறேன். செக்ஷனை மட்டும் தனியாக உருக்கினால் உலோகம் பிசுபிசுவென்று ஓடும், பணியாரக் குழிகளின் விளிம்பு நிரம்பாது, சுருங்கும்போது வெடிப்பும் விடும். சக்கர உலோகத்தோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது.

மின்கம்பிகளில் செல்லும் அலுமினியம் 99.5 சதவீதம் சுத்தமானது என்பதால் பலரும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். உலோகத்தின் வகையில் அது சரிதான். ஆனால் எஃகு நரம்பு கொண்ட கம்பியில் அந்த எஃகின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும், அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளாக இருந்தால், உறையைக் கத்தியால் உரித்தே எடுக்க வேண்டுமே தவிர, எரித்து எடுக்கக் கூடாது. பழைய பி.வி.சி. உறைகளில் வெப்பம் தாங்குவதற்காகக் காரீயச் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். எரித்தால் அது சாம்பலாகக் கம்பியின் மேலேயே படிந்துவிடும், மீதி புகையாக அக்கம்பக்கத்தாரின் மூக்குக்குப் போகும். கடையில் கருகிய நிலையில் இருக்கும் கம்பிக் கட்டுகளை நான் விலை கேட்பதுகூட இல்லை. உறையில்லாத மின்வாரியக் கம்பி ரசீது இல்லாமல் விற்பனைக்கு வந்தால், அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

பழைய பாத்திரத்தை உருக்கினால் புதிய பாத்திரத்துக்குப் பயமில்லை என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். சென்னை கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்த காலத்தில் அது இறக்குமதியான சுத்த உலோகத்தில் நடந்தது. அந்தக் காலத்துக்கு இந்த வாதம் பொருந்தியிருக்கும். இன்று கடையில் கிடக்கும் பாத்திரக் குவியலில் தகட்டிலிருந்து அழுத்தி எடுத்தவையும், எந்தக் கழிவிலிருந்து வார்த்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாதவையும் கலந்து கிடக்கின்றன. ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைத்த குண்டான்களும் அதில் உண்டு. அந்தக் குவியலில் நான் ஒதுக்காமல் எடுப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரை தெளிவாகத் தெரியும் பிரஷர் குக்கரின் உடலையும் மூடியையும் மட்டுமே, அதுவும் மூடியை மொட்டையாக்கிய பிறகு. பித்தளை வெயிட்டும் அது உட்காரும் குழாயும் லேத்தில் எளிதாகக் கடைவதற்காகக் காரீயம் சேர்த்த பித்தளையாக இருக்கக்கூடும். அதைவிட முக்கியமானது பாதுகாப்பு வால்வு: குக்கரில் தண்ணீர் வற்றிச் சூடேறும்போது உருகி ஆவிக்கு வழிவிடுவதற்காக அதன் நடுவில் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை ஒன்றை அடைத்திருப்பார்கள், காரீயமும் பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த கலவைகள் இந்த வகையில் சாதாரணம். கடைக்காரர்கள் பேக்கலைட் கைப்பிடியைக் கழற்றுவார்கள், இந்த வால்வைக் கழற்றுவதில்லை.

இனி, வாசலோடு நிறுத்த வேண்டியவை. எங்கள் ஊரில் மலைபோல் குவிந்து கிடப்பவையும் விலை மலிவானவையும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. இருசக்கர வாகன இன்ஜின் உறை, கியர் பெட்டி, மோட்டாரின் பக்க மூடி, தையல் இயந்திரத்தின் உறுப்பு போன்ற அழுத்த வார்ப்புகள் (உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்த்தவை) எல்.எம். 24 அல்லது அதையொத்த கலவைகளில் செய்யப்படுகின்றன. அந்தக் கலவையின் தரநிலையே 3 முதல் 4 சதவீதம் செம்பையும், 3 சதவீதம் வரை துத்தநாகத்தையும், 0.3 சதவீதம் வரை காரீயத்தையும் அனுமதிக்கிறது. பட்டறையில் இருந்தபோது இத்தகைய வார்ப்புகளின் சோதனை அறிக்கைகளில் ‘தேறியது’ என்று நானே கையெழுத்திட்டிருக்கிறேன். இயந்திர உறுப்பாக அவை முழுத் தகுதி பெற்றவைதான். அதே உலோகம் சட்டியானால் தகுதியற்றது. பிஸ்டன் சுத்தமாகத் தெரிந்தாலும் அதில் செம்பும் நிக்கலும் ஒவ்வொரு சதவீதம் அளவுக்கு இருக்கும். எனக்கு அது தேவையில்லை.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது லேத் பட்டறையின் சுருளும் வெட்டுத் துண்டும். பளிச்சென்று, வண்ணமில்லாமல், புத்தம் புதிதாகத் தெரியும். ஆனால் தானியங்கி லேத்தில் சுருள் சிறுசிறு துணுக்காக உடைந்து விழ வேண்டும் என்பதற்காகவே 2011 என்ற கலவையில் காரீயமும் பிஸ்மத்தும் ஒவ்வொன்றும் 0.2 முதல் 0.6 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். 6262 என்ற கலவையிலும் இவை இரண்டும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கிலோ துண்டில் அரை சதவீதம் காரீயம் இருந்து, அது இருபது கிலோ நல்ல உலோகத்தில் கலந்தால், மொத்தமும் சுமார் 0.024 சதவீதமாகி என் வரம்பைத் தாண்டிவிடும். லேத் கழிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்தக் கம்பியிலிருந்து வந்தது என்ற சான்றிதழ் இல்லாமல் ஏற்பதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. ரேடியேட்டர், ஏ.சி. சுருள் ஆகியவற்றில் பற்றவைப்புக் கலவையும் செம்பும் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கும். பீர் டின், குளிர்பான டின் ஆகியவற்றின் கலவை நல்லதுதான். ஆனால் உள்ளே பூச்சு, வெளியே மை, தகடோ காகிதம்போல் மெல்லியது. பெரும்பகுதி கசடாகவே போகிறது, கையில் நிற்கும் சொற்ப உலோகத்துக்காக அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு, அவற்றின் எல்லையையும் சேர்த்துச் சொல்கிறேன். காந்தம் எஃகை மட்டுமே காட்டிக் கொடுக்கும். எடைச் சோதனை இன்னும் பயனுள்ளது: துண்டை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் எடை பார்த்தால், எடை எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை கன சென்டிமீட்டரே அதன் கனஅளவு, காற்றில் கண்ட எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அலுமினியம் 2.7 அருகில் நிற்கும், துத்தநாக வார்ப்பு 6.6 அருகில், மக்னீசியக் கலவை 1.8 அருகில். கைப்பிடி, தாழ்ப்பாள், பழைய கார்புரேட்டர் போன்றவற்றின் வேஷத்தை இது உடனே கலைத்துவிடும். மக்னீசியமோ என்று ஐயம் வந்தால், அரத்தால் தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் போதும். மக்னீசியம் நுரைத்துப் பொங்கும், அலுமினியம் சும்மா இருக்கும். இதைத் தெரிந்துகொள்வது நஞ்சுக்காக மட்டுமன்று, மக்னீசியம் உலையில் பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணைக்க முடியாது. காஸ்டிக் சோடாக் கரைசல் பட்ட இடம் கறுத்தால் செம்பு இருக்கிறது என்று சொல்வார்கள். சிலிக்கன் இருந்தாலும் அது கறுக்கும் என்பதால் நான் அந்தச் சோதனையை நம்புவதில்லை. இந்தச் சோதனைகளில் எதுவுமே 0.1 சதவீதக் காரீயத்தைக் காட்டாது. கடையில் விற்கும் நிறம் மாறும் குச்சிகளும் வண்ணப் பூச்சில் உள்ள காரீயத்துக்காகச் செய்தவை. உலோகத்துக்குள் ஒதுங்கிக் கிடப்பதை அவை தவறவிடக்கூடும்.

ஆகவே என் பழக்கம் இது: பிரித்தெடுத்த துண்டுகளை உருக்கி நேராக அச்சில் ஊற்றாமல், முதலில் சிறு கட்டிகளாக வார்த்துக்கொள்கிறேன். மூசையை நன்றாகக் கிளறி, கசடை வழித்த பிறகு, ஒரு கரண்டி உலோகத்தைக் கனத்த எஃகு அச்சில் ஊற்றி, வட்டமான மாதிரி வில்லை ஒன்றைச் சட்டென்று உறையவைக்கிறேன். மெதுவாக உறைந்தால் காரீயம் ஓரிடத்தில் ஒதுங்கி, அளவு தவறிவிடும். வில்லைக்கும் கட்டிகளுக்கும் ஒரே எண்ணைத் தட்டிவிட்டு, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு வில்லையைக் கொடுக்கிறேன். ஃபவுண்டரிகளை நம்பி இயங்கும் சோதனைக்கூடங்கள் கோவையில் பல இடங்களில் இருக்கின்றன. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். வழக்கமான அறிக்கையில் காரீயமும் வெள்ளீயமும் இருக்கும். பிஸ்மத், ஆண்டிமனி, காட்மியம் ஆகியவற்றையும் அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை கைக்கு வரும்வரை கட்டிகள் பரணில் இருக்கும், அவசரப்படுத்தும் மருமகள் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த அறிக்கையைப் படிப்பதில் ஒரு சிறு வித்தை உண்டு. காரீயம் கூடியிருக்கிறது என்பதோடு நிற்காமல், அதனுடன் வேறு எது கூடியிருக்கிறது என்று பார்த்தால், குற்றவாளி எந்தத் துண்டு என்பது ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். காரீயமும் பிஸ்மத்தும் சேர்ந்து உயர்ந்திருந்தால் லேத் பட்டறைக் கம்பி உள்ளே நுழைந்திருக்கிறது. துத்தநாகமும் செம்பும் கூடவே ஏறியிருந்தால் அழுத்த வார்ப்போ பித்தளைத் துண்டோ கலந்திருக்கிறது. வெள்ளீயத்தோடு வந்தால் ஈயப்பற்று, ஆண்டிமனியோடு வந்தால் சக்கரத்தின் எடைத் துண்டு என்று நினைக்கலாம். சுத்தமான செக்ஷன் முனைகள் என்று சொல்லி ஒருவர் கொடுத்த மூட்டை ஒன்றில் பிஸ்மத் தலைகாட்டியது. விசாரித்தபோது அதே இடத்தில் லேத்தும் ஓடுகிறது என்று தெரிந்தது. அன்று முதல் அங்கிருந்து வாங்குவதாக இருந்தால் முழு நீளத்தைக் கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்கிறேன்.

உலோகம் சரியாக இருந்தும் மூசையின் வழியாகக் காரீயம் வந்துவிட வாய்ப்புண்டு. பம்பின் புஷ், இம்பெல்லர் ஆகியவற்றுக்குப் பயன்படும் 85-5-5-5 கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் 5 சதவீதம் காரீயம் இருக்கிறது. அதை உருக்கிய பழைய மூசை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பாத்திர உலோகத்தை அதில் உருக்கினால், சுவரில் ஊறியிருப்பது புதிய உலோகத்துக்கு இறங்கும். பாத்திரத்துக்கென்று தனி மூசை, தனிக் கரண்டி, தனிக் கிளறுகோல் வைத்துக்கொள்வதே சரி. உயிருக்கு ஆபத்தான விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: துண்டுகள் துளி ஈரமும் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், உருகிய உலோகத்துக்குள் மூழ்கும் ஒரு துளி நீர் ஆயிரத்து அறுநூறு மடங்காக விரிந்து உலோகத்தை முகத்தில் அடிக்கும். இரு பக்கமும் மூடிய குழாய், ஷாக் அப்சார்பர், ஸ்பிரே டின் ஆகியவற்றை அறுத்துத் திறக்காமல் உலைப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு கைக்கு வருவது அலுமினியப் பாத்திரம்தான். அலுமினியமும் புளிப்பில் கரையும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-இல் ஒரு வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அலுமினியம் என்று வரம்பு வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வைத்தது அதில் பாதி. பணியாரம், ஆப்பம், வறுவல் போன்றவற்றுக்குக் கவலையில்லை. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, மோர்க்குழம்பு ஆகியவற்றை இதில் கொதிக்கவைப்பதும், மீந்ததை இரவு முழுக்க இதிலேயே வைப்பதும் வேண்டாம் என்று பாத்திரத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கு மண்சட்டியும் எவர்சில்வரும் இருக்கின்றன. ஊறுகாய் போடக் கேட்டவர்களுக்கு வார்த்துத் தரவே மறுத்திருக்கிறேன்.

விற்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: 2024 மார்ச் 14 அன்று மத்திய அரசு பிறப்பித்த ஆணை, ஐ.எஸ். 1660:2024 தரநிலையின்படி அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பின்கட்டு உலையில் செய்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவது பொழுதுபோக்கின் எல்லைக்குள் அடங்காது. வீட்டு உபயோகத்துக்கே என்றாலும், பிரித்துப் பார்க்கப் பொறுமையும் சோதனைக்குச் செலவிட மனமும் இல்லாதவர், பழைய உலோகத்தை விட்டுவிட்டு, சோதனைச் சான்றிதழோடு வரும் புதிய எல்.எம். 6 அல்லது எல்.எம். 25 கட்டியை வாங்குவதே மேல். அதிலும் சான்றிதழில் காரீயம் எத்தனை என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு கலவைகளின் தரநிலையும் 0.1 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது. நல்ல தயாரிப்பாளரின் கட்டியில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். கழிவு விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கடாய்க்கு என்று கணக்கிட்டால் பெரிய தொகை வராது.

சோதனையில் தேறாத கட்டிகளை என்ன செய்வது என்பது கடைசியாக எழும் கேள்வி. உப்புக் கரித்த குழம்பில் தண்ணீர் விட்டுச் சமாளிப்பதைப்போல, நல்ல உலோகத்தை மேலும் மேலும் சேர்த்து அளவை வரம்புக்குள் இறக்கிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அதை நான் செய்வதில்லை; எண்ணிக்கை குறையும், ஆனால் அதே காரீயம் ஒரு பாத்திரத்துக்குப் பதில் ஐந்து வீடுகளின் அடுப்புக்குப் பிரிந்து போகும். அந்தக் கட்டிகளின் மேல் சிவப்பு வண்ணம் பூசி, பெல்ட் புல்லி வார்க்கும் பட்டறைக்கு, அறிக்கையின் நகலோடு கொடுத்துவிடுகிறேன். அவர்கள் எடை போட்டு, அழுத்த வார்ப்புக் கழிவின் விலையைத் தருகிறார்கள்.